தூணைத் தொட்டுச் சொன்னது

அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சின்ன வயதில் நாம் பயந்ததைச் சொன்னால் பேரப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கூடவே நாமும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நானும் எத்தனையோ தடவை அப்படிப் போயிருக்கிறேன். இதை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. உங்களுக்கும் என் வயதுதான் ஆகிறது. ஆளுக்கொன்று இப்படி வைத்திருப்பீர்கள், இல்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றைத் தாண்டி முந்திரித் தோப்புக்குள் கால்மணி நேரம் நடந்தால் ஒரு பாழுங்கோயில் வரும். கூரை எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. கருவறையில் சாமி கிடையாது. படுத்துக் கிடக்கும் கற்களுக்கு நடுவே ஒரே ஒரு தூண் நிமிர்ந்து நின்றது. அதன் கிழக்குப் பக்கம் முழுக்க எழுத்து. அடியில், அப்போதைய என் இடுப்பு உயரத்தில், கையில் விளக்கேந்திய ஒரு பெண் உருவம். உடம்பெல்லாம் தேய்ந்து முகம் மட்டும் நேற்றுச் செதுக்கியது போல் இருந்தது. எழுத்தின் கடைசி ஐந்தாறு வரிகள் அவளைச் சுற்றி ஓடின.

எழுத்துத் தூண் என்போம். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை, ஆனால் அதற்குப் பயப்படாதவரும் இல்லை. வரப்புத் தகராறா, மாடு காணாமல் போனதா, புருஷன் பெண்டாட்டி சந்தேகமா, இரண்டு தரப்பையும் அங்கே கூட்டிப் போவார்கள். "தூணைத் தொட்டுச் சொல்லு" என்பார்கள். தொட்டுச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் சாட்சியும் கிடையாது, விசாரணையும் கிடையாது. தூணைத் தொட்ட கை பொய் சொல்லாது, சொன்னால் அது மெய்தான், அவ்வளவுதான் எங்கள் பக்கத்துச் சட்டம்.

என் அப்பா செராமிக்கில் அச்சுக்காரர். எங்கள் ஊரில் செராமிக் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன், பீங்கான் சாமான் செய்கிற ஆலை. பீங்கான் பொம்மையோ ஊறுகாய் ஜாடியோ, முதலில் ஒரு மாதிரி செய்வார்கள். அதன் மேல் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால் அது அச்சு. அதற்குள் களிமண் கூழை ஊற்றி ஊற்றி எத்தனை பொம்மை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் பிளாஸ்டர் ஊற்றும் முன் மாதிரியின் மேல் சோப்பு பூச வேண்டும். வெல்லப்பாகு மாதிரி மஞ்சளாகக் குழகுழவென்று ஒரு சோப்பு. பூசி, துடைத்து, காயவிட்டு, மறுபடி பூசி, இப்படி மூன்று தடவை. பூசாவிட்டால் பிளாஸ்டர் பிடித்துக்கொள்ளும், விடாது.

வீட்டில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி, பிறகு அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. இருபது வயது. அவளும் செராமிக்கில்தான் வேலை, பொம்மைகளின் பிசிறு தேய்க்கிற வேலை. சூளையில் மூக்கு போன பொம்மைகளை எடுத்து வந்து எனக்குக் கொடுத்து, "இந்தா, உன் மாமியா, பத்திரமா வச்சிக்கோ" என்பாள். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்ளத் தெரியாது அவளுக்கு. "பொம்பள சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேக்குது" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணி, நாளுக்கு நாலு தடவை சொல்வார். அத்தைக்குப் பெண்ணாடத்தில் ஓட்டுச் சூளை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. தை மாதம் கல்யாணம்.

அந்தப் புரட்டாசியில் எங்கள் ஹைஸ்கூல் தமிழ் வாத்தியார் அப்பாவைத் தேடி வந்தார். எங்கிருந்தோ மாற்றலாகி வந்த மனிதர். பழைய எழுத்தைப் படிக்கிற பைத்தியம் அவருக்கு. தூணின் அடிப்பக்கம் உப்பு அரித்து அப்பளம் மாதிரி பொறுக்கு விடுகிறது, இன்னும் நாலு மழை பெய்தால் எழுத்து போய்விடும், காகிதத்தில் ஒற்றிப் படியெடுக்க ஆள் வரச் சொல்லிச் சர்க்காருக்கு எழுதியும் யாரும் வரவில்லை என்று ஒரே புலம்பல்.

"பேப்பர்ல எடுத்தா கிழிஞ்சிதான் போவும் சார்," என்றார் அப்பா. "நான் பிளாஸ்டர்ல எடுத்துத் தரேன். ஒரு புள்ளி வுடாம வரும். வூட்டுலயே வச்சிப் படிங்க."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அப்பாவுக்குச் சறுக்கியது அங்கேதான். வழவழப்பான களிமண் மாதிரியில் முப்பது விதமாக அச்செடுத்த மனிதர், கல்லையும் இன்னொரு மாதிரி என்று நினைத்துவிட்டார். பொறுக்கு விட்ட கல் எண்ணெய்த் திரி மாதிரி உறிஞ்சும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. "ரெண்டு தடவ பத்தாது, கண்டிப்பா மூணு" என்று வழி நெடுக எங்களிடம் சொல்லிக்கொண்டேதான் வந்தார்.

எங்களிடம் என்றால் அத்தையிடமும் என்னிடமும். காலாண்டு லீவு. எனக்குப் பத்து வயது. தூணின் மேலிரண்டு பங்குக்கு அத்தை, கீழ்ப்பங்குக்கு நான், ஏனென்றால் எனக்கு அதிகம் குனிய வேண்டியதில்லை. அப்பா மூன்று துண்டாக அச்செடுக்கக் களிமண்ணால் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். தோப்பில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அத்தனை வெயிலிலும் அந்தக் கல் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்ததை என் கை இன்றைக்கும் சொல்லும்.

முதல் தடவை பூசினேன். எழுத்துக் குழிகளுக்குள் துணியை விட்டு, பெண்ணின் கழுத்து, கன்னம், நெற்றி என்று வந்தேன். சோப்பு பட்டதும் கல் கறுத்தது. கண்ணில் பூசினேன். ஈரம் பட்ட அந்தக் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. கருவிழி எது என்று தெரிந்தது. அதுவரை யாரையும் பார்க்காமல் இருந்தவள் என்னைப் பார்த்தாள்.

சிரிக்காதீர்கள். ஈரக் கல்லில் வெயில் பட்டால் மின்னும் என்று எனக்கும் இப்போது தெரியும். அப்போது தெரியாது. துணியைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அத்தை இரண்டாம் தடவை பூசினாள், மூன்றாம் தடவை பூசினாள், நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தை நான் மறுபடி தொடவே இல்லை.

அப்பா வரம்பை முடித்துவிட்டு வந்தார். "ஆச்சா பாப்பா?"

"ஆச்சுப்பா."

"மூணு தடவ?"

தலையாட்டினேன். அவருக்கு விளையாட்டு. "எங்க, தூணத் தொட்டுச் சொல்லு பாப்போம்."

பயந்தது முகத்துக்கு, ஆனால் அப்பாவின் முன்னால் பயந்தாங்கொள்ளி ஆகக்கூடாது. முகத்தில் படாமல் பக்கவாட்டில் கையை வைத்தேன். "மூணு தடவ பூசிட்டேன்" என்றேன். அத்தை சிரித்தாள். அப்பா பிளாஸ்டரைக் கரைக்கப் போய்விட்டார்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். செராமிக் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாதா? தெரியும், தெரிந்துதான் கையை வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் போர்வை போர்த்தின மாதிரி தூண் நின்றது. முதலில் வெதுவெதுப்பு. பிறகு காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. உள்ளே இருப்பவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்தேன். நான்தான் கொடுத்தேன் என்றும் நினைத்தேன்.

மேல் துண்டு சுலபமாகக் கழன்றது. நடுத்துண்டும் அப்படியே. கீழ்த்துண்டு வரவில்லை. அப்பா மரச் சுத்தியால் ஓரமாகத் தட்டினார், ஆப்பு வைத்தார், வியர்த்தார். அத்தையும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். யாரோ பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்த மாதிரி ஒரு சத்தம். துண்டு கையோடு வந்துவிட்டது. கூடவே கல்லின் தோலும் வந்துவிட்டது.

தூணில் முகம் இருந்த இடத்தில் வெளுத்த புண் மாதிரி ஒரு தழும்பு. அவளைச் சுற்றி ஓடிய வரிகளும் இல்லை. ஆயிரம் வருஷமோ என்னவோ அங்கே நின்றவள், இப்போது இல்லை. அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "மூணு தடவ பூசியுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. நான் தொட்டுச் சொல்லியிருந்தேனே.

மூன்று துண்டுகளையும் மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டுக் கொட்டகையில் சாத்தினோம். கீழ்த்துண்டில் ஒட்டியிருந்த கல் செதில்களை அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து மூங்கில் சிம்பால் ஒவ்வொன்றாக நிமிண்டி எடுத்தார். அடியில் பிளாஸ்டர் பழுதில்லாமல் இருந்தது. எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி, முகம் குழியாக. அதாவது உலகத்திலேயே அந்த முகம் இனி இருப்பது எங்கள் கொட்டகையில் மட்டும்தான், அதுவும் முகமாக இல்லை, முகம் இருந்த பள்ளமாக.

அந்தப் பள்ளம் என்னைப் பார்த்தது.

இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால் ஒன்று செய்யுங்கள், ஏதாவது ஒரு பொம்மை அச்சின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பள்ளம் மேடாகத் தெரியும். நீங்கள் இடது பக்கம் நகர்ந்தால் அந்த முகமும் இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் போனால் வலது பக்கம். நான் விறகு எடுக்கப் போனால் விறகைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டிக்குப் போனால் தொட்டியைப் பார்த்தாள். கண்ணில் வெளிச்சம் இல்லை, பார்வை மட்டும் இருந்தது.

அப்பாவிடம் அழுதேன். "குழிஞ்ச மொகம் அப்பிடித்தான் பாப்பா தெரியும்," என்றார். "செராமிக்குக்கு வந்து பாரு, பத்து அச்சு இருக்குது, பத்தும் திரும்பும். அது நம்ம கண்ணு செய்யிற வேல."

அவர் சொன்னது சரிதான். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அத்தை கொட்டகையில் உட்கார்ந்து தன் கல்யாணப் புடவைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தாள். பிளாஸ்டர் ஈரத்தைக் குடித்து வியர்த்திருந்தது. நான் வாசலில் நின்று இடமும் வலமும் நகர்ந்து பார்த்தேன். முகம் என்னோடு திரும்பவில்லை. அத்தை இருந்த பக்கமே பார்த்தது. மழை இருட்டில் வெளிச்சம் மாறியிருக்கும் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன். "அத்த, அங்க உக்காராத" என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். "ஏண்டி, உன் மாமியா கடிப்பாளா?" என்று சிரித்தாள்.

தமிழ் வாத்தியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். தூணின் முகம் போனதற்கு அவருக்கும் வருத்தம்தான், ஆனால் எழுத்து கிடைத்த சந்தோஷத்தில் வருத்தம் மறைந்துவிட்டது. மாறிக் கிடந்த எழுத்தைப் படிக்க அப்பாவின் சவரக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை அச்சுக்கு எதிரே பிடித்து, அதற்குள் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். கண்ணாடிக்குள் எழுத்துகள் நேராக இருந்தன. அவளும் நேராக இருந்தாள், பள்ளமே இல்லாமல், முழு முகமாக. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரோ ஒரு அம்மா கோயில்ல அணையாம விளக்கெரிய நெலம் குடுத்திருக்காங்க," என்றார் வாத்தியார் உற்சாகமாக. "கடைசியில சாபம். இதை அழிச்சவன் கங்கைக் கரையில காராம்பசுவைக் கொன்ன பாவத்துல போவான். எல்லாக் கல்வெட்டுலயும் இப்படித்தாங்க முடிப்பாங்க. சும்மா ஒரு வழக்கம்."

சும்மா ஒரு வழக்கம் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடித்துவிட்டுப் போனார். படித்தவர்களுக்கு அது சும்மா. புளி கடன் கேட்க வந்து கதவோரம் நின்றிருந்த பெரியம்மாவின் காதில் விழுந்தது 'சாபம்', 'அழிச்சவன்' இரண்டும்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டே நாளில் தோப்புக் கோயிலுக்கு உரிமை பேசுகிற ஊர்ப் பெரியவர்கள் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

எங்களையும்தான் கூப்பிட்டார்கள். மழை விட்ட பகல். முந்திரி இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. தூணைச் சுற்றி முப்பது நாற்பது பேர். தூணின் தழும்பில் நீர் கசிந்து ஓடியதைப் பார்த்து யாரோ ஒரு கிழவி, "அழுவுறா பாரு" என்று சொல்லிவிட்டாள். அதோடு கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"கல்லு சும்மா பேந்து வராது," என்றார் நாட்டாமை மாதிரி இருந்த ஒரு பெரியவர். "ஏதோ குத்தம் நடந்திருக்குது. அது என்னான்னு தெரியாம சாந்தி பண்ண முடியாது. நீ தெரிஞ்சி செஞ்சிருந்தா உன் குடும்பத்த ஊரோட சேத்துக்க முடியாது. சொல்லு."

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலீங்க," என்றார் அப்பா. "எல்லாம் முறைப்படிதான் செஞ்சேன். மூணு தடவ சோப்பு பூசித்தான் ஊத்துனேன். எம் பொண்ணு தொட்டுச் சொல்லியிருக்குதுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் போதும். "ஒரு தடவதான் பூசினேன்." மூன்றே வார்த்தை. ஆனால் தூணைத் தொட்டுப் பொய் சொன்ன பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எனக்குக் கதை கதையாகத் தெரியும். கை அழுகும். நாக்கு இழுத்துக்கொள்ளும். தினமும் காலையில் எழுந்ததும் என் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் அந்த நாட்களில். அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன்.

அப்போதுதான் பெரியம்மா கேட்டார். "பொம்பளைங்க தொட்டாங்களே, சுத்தபத்தமாத்தான் தொட்டாங்களா?"

கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. நெருப்பு பற்றிக்கொண்ட மாதிரி இல்லை, பெருமூச்சு விட்ட மாதிரி. பெரியவரின் முகம்கூட லேசானது. தெரிந்து செய்த பாவம் என்றால் குடும்பத்தையே தள்ளி வைக்க வேண்டும். தீட்டு என்றால் மஞ்சள் தண்ணீர், நாலு குடம், ஒரு ஹோமம், அவ்வளவுதான். எல்லாருக்கும் அதுதான் சுலபமான வழி.

"ஏம்மா, நீ தூரமா இருந்தியா அன்னிக்கி?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க," என்றாள் அத்தை உடனே.

"நல்லா யோசிச்சிச் சொல்லு. ஒங்க அண்ணன் குடும்பம் இதுல இருக்குது."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தாள். அச்செடுத்ததற்கு நாலு நாள் முன்பே அத்தைக்குத் தூரம் கழிந்துவிட்டது. பின்கட்டில் அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டபோது தண்ணீர் மொண்டு கொடுத்தது நான், துவட்டத் துணி கொடுத்தது அம்மா. பெரியம்மா அப்போது வேப்பூரில் மகள் வீட்டில் இருந்தார், அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அம்மா தம்பியை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஒத்துக்கயேன், ஒரு குடம் தண்ணியோட போவுது" என்கிற மாதிரி அத்தையைப் பார்த்தாள். வாயால் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "இருந்தேன்" என்றாள்.

"தூணத் தொட்டுச் சொல்லு."

போனாள். தழும்பின் மேலேயே உள்ளங்கையை வைத்தாள். "அன்னிக்கி நான் தூரமா இருந்தேன். மறச்சிட்டுத் தொட்டேன்." குரல் நடுங்கவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது, அதைப் புடவையில் துடைக்கவும் தோன்றாமல் அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டு வீடுவரைக்கும் நடந்தாள்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், ஹோமம் வளர்த்தார்கள். அப்பா எல்லாருக்கும் கும்பிடு போட்டார். அம்மா அன்றைக்கு ராத்திரி அத்தைக்குப் பிடிக்கும் என்று வத்தக்குழம்பு வைத்தாள். முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான். கை அழுகவில்லை, நாக்கும் சரியாக இருந்தது. தப்பித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை ஏன் உங்களிடம் மறைக்க வேண்டும்?

கார்த்திகையில் பெண்ணாடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். தீட்டைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமில்லையாம், எல்லா வீட்டிலும் உள்ளதுதானாம். ஆனால் தூரத்தை மறைத்துக்கொண்டு தூணைத் தொடத் துணிந்த பெண் நாளைக்குத் தங்கள் வீட்டில் எதை மறைக்க மாட்டாள் என்று கேட்டார்கள். மேலும், சாபம் யார் தலையில் இறங்கியது என்று ஊருக்கே தெரிகிறதே, அதைக் கூட்டிக்கொண்டு போய்க் குலத்தில் சேர்க்க முடியுமா என்றார்கள். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

அத்தை கொட்டகையில் இருந்தாள். நான் போய் நின்றேன். கீழ்த்துண்டு அச்சுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள், முகமும் முகமும் பார்க்க. இருவரில் யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் ஆள் அனுப்பி அவர்களைப் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்திருக்கலாம். "அத்த" என்றேன். "போடி, பசிக்கும், போய்ச் சாப்புடு" என்றாள், திரும்பாமல். போய்ச் சாப்பிட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்லி வைத்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ.

அப்பா அந்த மூன்று துண்டுகளையும் ஆற்றுக்குக் கொண்டுபோய் உடைத்தார். கீழ்த்துண்டைக் குப்புறப் போட்டு முதுகில் அடித்தார், முகத்தைப் பார்த்து அடிக்க அவருக்கும் முடியவில்லை. அதற்கப்புறம் முகம் உள்ள எதற்கும் அவர் அச்செடுக்கவில்லை. ஜாடி, ஃபியூஸ் கட்டை, தட்டு, இவைதான். கேட்டால் பொம்மையில் வேலை அதிகம் என்பார்.

அத்தைக்கு அதற்குப் பிறகு வரன் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் தூண் கதையைக் கேட்டுவிட்டு நின்றுவிட்டன. ஐம்பது வருஷத்துக்கு மேல் பிசிறு தேய்த்தாள். அப்பாவும் அம்மாவும் போனபின் தம்பி வீட்டில் இருக்கிறாள், இன்றைக்கும் விருத்தாசலத்தில்தான். புரட்டாசி முழுக்க ஒரு வேளைச் சாப்பாடு. சனிக்கிழமை தோறும் தோப்புக்குப் போய்த் தூணுக்கு விளக்கேற்றிவிட்டு வருவாள். இப்போது அங்கே தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள், தழும்புக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். எழுத்து என்ன சொன்னது, அங்கே இருந்தவள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி, கடலூர் போய், பிள்ளை பெற்று, ரிட்டையர் ஆகி, எல்லாம் ஆனது. எதுவும் ஆகவில்லை எனக்கு. ஒரு காய்ச்சல் தலைவலிகூடப் பெரிதாக வந்ததில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்க ஆரம்பித்தது, இந்த வயதில்.

போன புரட்டாசியில் போனேன். தம்பி வீட்டில் யாரும் இல்லாத பகல். அத்தை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியும் கண்ணாடி போடாத கண், புத்தியில் ஒரு மங்கல் கிடையாது. எதிரே உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அத்த, அந்தத் தூணு பேந்தது என்னாலதான். நான் ஒரு தடவதான் சோப்பு பூசினேன். அந்த மொகத்தப் பாத்துப் பயந்துட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்னாடி? நான் தூரமா இருந்தேன், தொட்டேன். கல்லு தாங்கல."

"நீ தூரமா இல்ல அத்த. நாலு நாளு முன்னாடியே தலைக்கு ஊத்திக்கிட்ட. தண்ணி மொண்டு குடுத்தது நான். அம்மாவுக்கும் தெரியும்."

இப்போது கை நின்றது. என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் வரும், அடிப்பாள், அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"இத்தன வருசம் கழிச்சி எனக்காவ வந்து பொய் சொல்றியாடி?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, என் மேல் இருந்த பாசத்தில். "நல்லவடி நீ. சின்னதுலேருந்தே அப்பிடித்தான்."

"பொய் இல்ல அத்த. அன்னிக்கி நீ சொன்னதுதான் பொய்."

"தொட்டுச் சொன்னேன்டி. ஊரே நின்னு பாத்துச்சு. தூணத் தொட்டுச் சொன்னது எப்பிடிப் பொய்யாவும்?"

அவள் வாதாடவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிற மாதிரி சொன்னாள். ஐம்பது வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி, அந்த நாட்களின் நினைவையே அதற்குத் தகுந்த மாதிரி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கொண்டுபோன உண்மையை இறக்கி வைக்க அந்த வீட்டில் இடமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதேன்.

"நானுந்தான் தொட்டுச் சொன்னேன் அத்த, மூணு தடவ பூசிட்டேன்னு!"

அத்தை கீரைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப மூணு தடவதான் பூசியிருப்ப," என்றாள். "சின்னப் புள்ள. உனக்கு ஞாபகம் இருக்காது."